இசக்கிப்பாண்டியை விசாரித்த ஞாயிற்றுக்கிழமை

இசக்கிப்பாண்டி ஆலயத்துக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு டயர் கடைக்கும் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற சின்னத் தமிழ்ச் சபை அது. கடைசி பெஞ்சில் சுவரோரத்து இடம் அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போய் நின்று, அவர்கள் எழுந்திருக்கும்வரை இருமுவார். கீர்த்தனைகள் எல்லாம் மனப்பாடம். குரல்தான் கர்த்தர் தரவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பாடுவார். ஐம்பது தாண்டிய ஆள். வயிறு முன்னால் போகும், துண்டு தோளில் கிடக்கும். இத்தனை வருஷம் வந்தும் ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை.

ஊர் திசையன்விளைப் பக்கம். பதினாறு வயதில் சாலைக் கம்போளச் சந்தையில் ஒரு ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவ வந்தவர், படிப்படியாக மாஸ்டராகி, பிறகு முதலாளியோடு சண்டை போட்டு வெளியேறி, சொந்தமாகச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தார். கல்யாணம், புது வீட்டுப் பால்காய்ப்பு, அம்பலத்தில் அன்னதானம், ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழா, எதுவென்றாலும் போவார். பசிக்கு மதம் இல்லை என்று சொல்லுகிற ஆள் இல்லை அவர். அட்வான்ஸ் வந்தால் போவார், அவ்வளவுதான்.

இந்த ஆள் தையல் கடையில் வேலை பார்த்த ராஜபாயைப் பார்த்தார். ராஜபாய் திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். ரெண்டு வீட்டிலும் வெட்டுவேன் குத்துவேன் என்றார்கள். ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். ராஜபாயின் அண்ணன் ஞானசிகாமணி அன்றைக்குச் சொன்ன கடைசி வார்த்தை அச்சில் ஏறாது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கிழக்கேகோட்டையில் லாட்டரி ஏஜென்சி வைத்திருக்கிற பெரிய மனுஷர். சபையில் செக்ரட்டரி. தங்கச்சி புருஷனை எதிரில் கண்டால் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பார்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் அந்தச் சுவர் இடியும். அது அசனத்தன்று.

அசனம் என்றால் சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. திருநெல்வேலிக்காரர்கள் எங்கே போனாலும் பைபிளையும் அசனத்தையும் கட்டிக்கொண்டு போவார்கள்; ரெண்டில் ஒன்றை விடச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆலயம் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகை அன்றைக்குச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். ஒரு வருஷம் சமைக்க வர வேண்டிய ஆள் குடித்துவிட்டு வராமல் போக, கமிட்டி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இசக்கிப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பில் இறங்கினார். அன்றைக்கு அண்டா மூடியைத் திறந்தபோது எழுந்த வாசனையில் மொத்தச் சபையும் ஒரு நிமிஷம் ஜெபத்தை மறந்தது. அன்றிலிருந்து அந்த வேலை அவருக்கு. கூலி வாங்க மாட்டார்.

ஏன் வாங்க மாட்டார் என்றால், அன்றைக்கு ஒரு நாள்தான் ஞானசிகாமணி அவர் கையால் சாப்பிடுவார். வாயால் கேட்க மாட்டார். இலைப்பக்கம் விரலை நீட்டி, இன்னும் ரெண்டு துண்டு என்று காட்டுவார். இசக்கிப்பாண்டி போடுவார். தூரத்தில் தண்ணீர்க் குவளையோடு நிற்கிற ராஜபாய் அதைப் பார்ப்பாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அவள் நடையே வேறாக இருக்கும். கட்டின புருஷனை அண்ணன் மனுஷனாக மதித்த ஒரே நாள். மீதி நாளெல்லாம் அவள் அந்த நாளை வைத்துத்தான் ஓட்டினாள். இதை இசக்கிப்பாண்டி யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், “நமக்கு வேல தெரியும், செய்யோம்” என்பார்.

சரி, ஞானஸ்நானம்தான் ஏன் எடுக்கவில்லை? வந்த ஐயர்மார் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். திருநெல்வேலிக்காரர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவார்கள். அதனாலேயே, புதிதாக வந்தவர்கள் கரமனை அக்ரஹாரத்தில் போய் ‘ஐயர் வீடு எது’ என்று விசாரித்து, வேறு வீட்டு வாசலில் கோலத்தை மிதித்துக்கொண்டு நின்றது உண்டு. வந்த ஐயர்மாருக்கெல்லாம் இசக்கிப்பாண்டி சொன்ன பதில் ஒன்றுதான். “அடுத்த வருஷம் பாப்பம்.” உண்மைக் காரணம் ராஜபாய்க்கு மட்டும் தெரியும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் பிசாசை வெறுத்துவிடுகிறாயா என்று கேட்பார்கள். பழைய ஐயர் ஒருவர், “உங்க சுடலைமாடன்தான் அந்தப் பிசாசு” என்று விளக்கம் வேறு சொல்லிவிட்டார். அன்றைக்கே இசக்கிப்பாண்டி முடிவு செய்துவிட்டார். “ராசு, அவரு எனக்கு ஒரு தப்பும் செய்யல்லியே. செய்யாதவர எப்படிளா திட்டுறது?”

இப்படி எல்லாரும் அவரவர் இடத்தில் சுகமாக இருந்தபோதுதான் பிரபின் ஐயர் வந்து சேர்ந்தார்.

சின்ன வயது. மார்த்தாண்டம் பக்கத்து ஆள். பெங்களூரில் படித்தவர். தாடி உண்டு. அவர் வந்த நேரம், சபையில் பாதி வாலிபர்கள் பக்கத்துத் தெரு பெந்தெகொஸ்தே ஹாலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அங்கே டிரம் செட் இருந்தது. போன ஒருவனை வழியில் மறித்து ஐயர் ஏன் என்று கேட்டபோது, “அங்க போனா நாம யாருன்னு தெரியுது ஐயரே. இங்க நாம யாரு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கேள்வி ஐயரைத் தூங்கவிடவில்லை. நியாயமான கேள்விதான். இந்தச் சபைக்காரர்கள் இங்கிலாந்துச் சபையான ஆங்கிலிக்கன் வழி வந்தவர்கள். நாற்பத்தேழில் எல்லாச் சபையும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டது என்று எழுதிப் போட்டார்கள். எழுதிப் போட்டால் போச்சா? “நாங்க ஜெப புஸ்தகத்து ஆளுக” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

ஆகவே ஐயர் புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு ஆரம்பித்தார். ஆதித் திருச்சபையின் எழுத்துகளும் ஆங்கிலிக்கன் அடையாளமும். டீயும் வடையும் உண்டு என்று அறிவித்ததால் கூட்டம் வந்தது. வடை போட்டது இசக்கிப்பாண்டி. போட்டுவிட்டு அவரும் கடைசியில் உட்கார்ந்தார்.

“நேத்து மொளச்ச சபைதானே நீங்கன்னு ரோமாக்காரங்க, அதான் கத்தோலிக்கரு, கேட்டப்போ, இங்கிலாந்துல நம்ம ஆளுக என்ன செஞ்சாங்க தெரியுமா?” என்று ஆரம்பித்தார் ஐயர்.

மைக் செட், பந்தல், லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிற ஜெயன் முன் வரிசையில் இருந்தான். வாய் சும்மா இருக்காது. “ராஜா ரெண்டாங் கல்யாணம் கட்டினாரு. என் மவ ஸ்கூல்ல படிச்சிருக்கா.”

கூட்டம் சிரித்தது. ஐயரும் சிரித்தார். “அதுவும் உண்டு. அது மட்டும்னா சபை ராஜாவோட சேந்து செத்திருக்கும் கேட்டியா. நம்ம ஆளுக பழைய எழுத்தத் தூசி தட்டி எடுத்தாங்க. அப்போஸ்தலருக்கு அடுத்தாப்ல வந்தவங்க எழுதினது. சிங்கத்துக்குப் போட இழுத்துக்கிட்டுப் போற வழியில கடுதாசி எழுதின பேராயர் உண்டு, உயிரோட எரிச்ச கிழவர் உண்டு. அந்த முதல் அஞ்சு நூறு வருஷத்துல இருந்தது எங்ககிட்ட இல்லைன்னா காட்டு, நாங்க தோத்தோம்னு சொன்னாங்க. நாம புதுசு இல்ல. ரோமாவுக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல, பழைய வழியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவங்க.”

“நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் அடி விழும்லா?” என்றான் ஜெயன்.

ஐயர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்துச் சபை நடந்த விதத்தை அவர் சொல்லச் சொல்ல இசக்கிப்பாண்டிக்கே பிடித்துத்தான் இருந்தது. ஒளிந்து கூடுவார்களாம். விதவைகளுக்குச் சோறு போடுவார்களாம். பிரசங்கம் முடிந்ததும் ஞானஸ்நானம் ஆகாதவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் ஆளை நிறுத்திவிட்டுத்தான் நற்கருணை எடுப்பார்களாம். நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று தலையாட்டினார். அந்த ஆட்டின தலைக்கே வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நற்கருணை ஞாயிறு. பிரசங்கம் முடிந்தது. ஐயர் கையை உயர்த்தி, “ஆதிச்சபையின் முறைப்படி, ஞானஸ்நானம் பெறாதவர்கள் இப்போது சமாதானத்தோடே வெளியே போகலாம்” என்றார்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எத்தனை பேர் போவார்கள் என்று நினைத்தாரோ தெரியவில்லை. இருந்தது ஒரே ஆள்.

இத்தனை வருஷமும் நற்கருணை நேரத்தில் இசக்கிப்பாண்டி தானாகவே எழுந்து டீத்தண்ணி கொதித்ததா என்று பார்க்கப் போகிறவர்தான். ஆனால் நாமாக எழுந்து போவது வேறு, போ என்று சொல்லிப் போவது வேறு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சமாதானம் ஒன்றும் இல்லாமல் வெளியே போனார். பின்னால் கதவு சாத்தின சத்தம் கேட்டது. அன்றைக்கு டீயில் சீனி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஞானசிகாமணி இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. அடுத்த கமிட்டியில், “நற்கருணைக்கு ஒரு முறை, அசனத்துக்கு ஒரு முறையா? அசனமும் சபையோட பந்திதானே ஐயரே? உங்க பழைய எழுத்துல என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்டார். ஐயர் உண்மை பேசுகிறவர். அந்தக் காலத்து அன்பின் விருந்தில் ஞானஸ்நானம் ஆகாதவர்கள் பந்தியில் சேர்ந்து உட்காருவதில்லை என்று சொல்லிவிட்டார். “அப்ப சமையலுக்கு மட்டும் எப்படி? எனக்குத் தெரிஞ்ச கேட்டரிங் பார்ட்டி உண்டு. பஃபே போடுவாங்க” என்றார் ஞானசிகாமணி. அசனத்துக்குப் பஃபே! அதைக் கேட்டும் கமிட்டியில் யாரும் மயங்கி விழவில்லை. பண்டிகைக்குள் இசக்கிப்பாண்டி ஞானஸ்நானம் எடுத்தால் அவர், இல்லையென்றால் கேட்டரிங் என்று முடிவானது.

சொல்லவேண்டிய வேலை ஐயர் தலையில் விழுந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். இசக்கிப்பாண்டி முதலில் சோறு போட்டார். முருங்கைக்காய் போட்ட நெய்மீன் குழம்பு. ஐயர் ரெண்டாவது தடவை சோறு வாங்கி முடிக்கும்வரை வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்ன பிறகு இசக்கிப்பாண்டி கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ராஜபாய்தான் பேசினாள். “ஞானஸ்நானம் ஆகாதவுக சாப்பிடக் கூடாதுன்னுதான எழுதியிருக்கு? இவுக சாப்பிடல்லியே. அண்டாகிட்ட நின்ன ஆளுக்கு அன்னைக்கு அந்தச் சோறு எறங்குமா? வீட்டுக்கு வந்து பழைய கஞ்சி குடிப்பாக.”

“அக்கா சொல்றது சரிதான். நானும் சொன்னேன். கமிட்டி...”

“கமிட்டின்னா எங்கண்ணன். பேரச் சொல்லுங்க.”

ஐயர் முருங்கைக்காயைச் சப்பினார். பிறகு இசக்கிப்பாண்டியைப் பார்த்து, “அண்ணாச்சி, எடுத்தா என்ன? இருபத்தஞ்சு வருஷமா நீங்க கேக்காத பிரசங்கமா?” என்றார்.

“பிசாச வெறுக்கேன் ஐயரே. எந்தப் பிசாசுன்னாலும் வெறுக்கேன். எங்க மாடனத் திட்டச் சொல்லாதீங்க.”

“யாரு சொன்னா? பழைய முறையில சாத்தானேன்னுதான் சொல்லணும். மாடன் பேரு அதுல இல்ல.”

இத்தனை வருஷமாக இது தெரியாமல் போயிற்றே என்று இசக்கிப்பாண்டிக்கு ஒரு கோபம். “அப்ப சரி. பழைய முறையில என்னெல்லாம் உண்டோ அத்தனையும் கேளுங்க. சபை முன்னால வச்சுக் கேளுங்க. கள்ளத்தனமா எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

ஐயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் பழைய முறையில் ஒரு விசாரணை உண்டு. சேர வருகிறவன் எப்படிப்பட்டவன், என்ன தொழில் செய்கிறான் என்று சபை விசாரிக்கும். ஆகாத தொழில் என்றால் விட்டுவிட்டு வா, இல்லை போ. ரோமாபுரியில் நடந்ததை அப்படியே கரமனையில் நடத்திக் காட்டலாம்! கமிட்டியில் சொன்னபோது ஞானசிகாமணி உடனே கை தூக்கினார். “முறைப்படி நடக்கட்டும் ஐயரே. சபை முன்னால.” அவர் மனதில் இருந்தது கொடைச் சமையல். மாடனுக்கு வெட்டின ஆட்டைச் சமைக்கிறவன் எந்த முறையில் தேறுவான்?

ராஜபாய் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. “அண்ணன் கை தூக்குனா அதுல ஏதோ இருக்கு” என்றாள். “தேறல்லன்னா இன்னொருத்தன் சட்டுவத்த எடுத்துருவான். பெறகு அண்ணன் நம்ம கையால எப்ப சாப்பிட?” இசக்கிப்பாண்டி வாய்ச் சவடாலுக்கு, “போட்டும், ஒரு நாள் வேல மிச்சம்” என்றார். சொல்லிவிட்டு, பண்டிகைக்கு அரைத்து வைத்த மசாலா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினார்.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நடந்தது. வழக்கமாக ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் ஓடுகிற சபை, அன்றைக்கு ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. இசக்கிப்பாண்டி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். கை துண்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

“தொழில் என்ன?” என்றார் ஐயர்.

“இந்தச் சபையில யாருக்குத் தெரியாது? சமையல்.”

ஐயர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “சமையல்காரர் விலக்கப்பட்ட தொழில்ல இல்ல” என்றார் சந்தோஷமாக.

ஞானசிகாமணி எழுந்தார். வருஷக்கணக்கில் சுவரோடு பேசினவர், அன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். “சாமி கொடைக்கு வெட்டுற ஆட்டச் சமைக்கிறது உண்டா இல்லியா?”

“உண்டு.”

“இனி?”

“இனியும் உண்டு. சித்திரைக் கொடைக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு.”

சபையில் ஒரு முணுமுணுப்பு. ஐயர் முகம் வாடிவிட்டது. படைத்ததைத் தொடக் கூடாது என்று பழைய எழுத்தில் ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை உண்டு. “அண்ணாச்சி, அதை விட்டுர முடியாதா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இசக்கிப்பாண்டி துண்டை இன்னொரு முறுக்கு முறுக்கினார். ஊரில் அவரை நம்பிக் கொடை வைத்திருக்கிறார்கள். சொன்ன வாக்கை எந்தச் சாமிக்காக மீறுவது?

“அப்ப முடிஞ்சுதே” என்று சொல்லிக்கொண்டே ஞானசிகாமணி உட்காரப் போனார்.

“முடியல்ல.” பெண்கள் பக்கத்திலிருந்து ராஜபாய் எழுந்தாள். “ஐயரே, ஆகாத தொழில்னு அந்தத் தாள்ல இருக்கிறத முழுசா வாசிங்க. இவுகளுக்கு ஆகாதது எதுன்னு சபைக்கும் தெரியட்டும்.”

ஐயர் படித்த ஆள். ஆனாலும் அந்த நேரத்தில் என்ன வரப்போகிறது என்று அவருக்குப் புரியவில்லை. நல்ல வகுப்பு எடுக்கக் கிடைத்த சந்தோஷத்தில் வாசித்தார். விக்கிரகம் செய்கிறவன், விக்கிரகத்துக்குச் சாயம் தீட்டுகிறவன்.

ஆட்டோக்களுக்குப் பின்னால் ஐயப்பனும் முருகனும் எழுதிப் பிழைக்கிற பெயிண்டர் ஒருவர் மூன்றாவது பெஞ்சில் இருந்தார். மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

கூத்தாடுகிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள்.

“ஷிஜா!” என்று யாரோ சொன்னார்கள். ஷிஜா டிவி சீரியலில் பக்கத்து வீட்டுக்காரியாக வந்து கோள் மூட்டுகிறவள். சபைக்கே அதில் பெருமை. “அது ஆக்டிங் இல்ல சேட்டா, ரெண்டு டயலாக்தானே” என்றாள் அவள் பரிதாபமாக.

ஆயுதம் எடுத்து உத்தியோகம் பார்க்கிறவன். கான்ஸ்டபிள் விஜய்குமார், “எங்க ஸ்டேஷன்ல துப்பாக்கியே வேலை செய்யாது” என்றார்.

பிள்ளைகளுக்கு உலகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் விட்டால் நல்லது. வேறு பிழைப்பு இல்லையென்றால் இருந்துகொள்ளட்டும். சபையில் இருந்த ஐந்தாறு டீச்சர்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோயில் உற்சவத்துக்கு உதவுகிறவர்கள் என்று ஒரு வரி வந்ததும் எல்லாரும் ஜெயனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக்கு லைட் கட்டுகிற ஆள். “எல்லாம் சரி. ஐயரு காலேஜ்ல படிச்சப்போ ஒரு ஷார்ட் ஃபிலிம்ல குடிகாரனா நடிச்சாரே, யூடியூப்ல கிடக்கே, அது இதுல சேருமா?” என்றான் ஜெயன்.

ஐயரின் வாசிப்பு தடுக்கியது. காது சிவந்துபோனது. இனி நிறுத்தலாம் என்று தாளை மடிக்கப் போனார்.

“முழுசா” என்றாள் ராஜபாய்.

ஐயர் தாளைத் திரும்ப விரித்தார். “இது வேற எழுத்து. ஸ்பெயின் தேசத்துல பேராயர்கள் கூடிப் போட்ட சட்டம். பணத்துக்குச் சூதாடுறவன ஒரு வருஷம் நற்கருணையில சேர்க்கக் கூடாது.”

ஒருவரும் லாட்டரி என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கிழக்கேகோட்டையில் ஓணம் பம்பர் என்று எழுதின பெரிய போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற முகம் இப்போது செங்கல்சூளை மாதிரி இருந்தது. ஞானசிகாமணி எழுந்தார்.

“லாட்டரி கவர்மெண்டு நடத்துறது. அதுவுமில்லாம இதெல்லாம் ரோமாபுரிக்கும் ஸ்பெயினுக்கும் எழுதினது. இது திருவனந்தபுரம்.”

“அப்ப வாசலச் சாத்தினது எந்த ஊருக்கு எழுதினது அண்ணே?” என்றாள் ராஜபாய்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அண்ணனிடம் நேரில் பேசின முதல் பேச்சு அது. ஞானசிகாமணி மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். இசக்கிப்பாண்டி முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் விழுந்து கிடந்தார்கள், இவரும் தேறவில்லைதான். ஆனால் நின்றுகொண்டிருந்தது இவர் ஒருவர்.

ஐயர் தாளை மடித்து அங்கிக்குள் வைத்தார். திடீரென்று சிரித்துவிட்டார். “தப்பு என்மேல. நம்ம முன்னோர்கள் இந்தப் பழைய எழுத்துகள எல்லாம் மதிப்பாப் படிச்சாங்க. ஆனா அப்படியே தூக்கித் தலையில வச்சுக்கல்ல. ஜெபத்த எடுத்தாங்க, பேராயர வச்சுக்கிட்டாங்க, பாதியத் திருப்பி அலமாரியில வச்சாங்க. எத எடுத்தாங்க, எத விட்டாங்கங்கறதுதான் நாம யாருங்கறது. நான் கதவச் சாத்துறத எடுத்துட்டு, சோறு போடுறத விடப் பாத்தேன்.”

“தீர்மானம் என்ன ஐயரே?” என்றார் கான்ஸ்டபிள்.

“ஒத்திவைக்கிறோம்.”

ஜெயன் தொடையில் தட்டினான். “ரோமாக்காரன்னா சட்டம் போடுவான். பெந்தெகொஸ்தேக்காரன்னா ஆத்துல கொண்டுபோய் முக்குவான். நாம ஒத்திவைப்போம். இப்பத் தெரிஞ்சாச்சு நாம யாருன்னு!” சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பில் பாதி, தன் தொழிலைப் பற்றி இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதி.

இசக்கிப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. “அதெல்லாம் இருக்கட்டும். அசனத்துக்கு நான் வரணுமா வேண்டாமா? ஆட்டுக்குச் சொல்லணும்.”

“வரணும் அண்ணாச்சி. ஞானஸ்நானம் நீங்க கேக்கிற அன்னைக்கு.”

“கமிட்டி?”

எல்லாரும் செக்ரட்டரியைப் பார்த்தார்கள். ஞானசிகாமணி சுவரைப் பார்த்தார். சுவரும் அன்றைக்கு அவருக்கு உதவவில்லை. “பஃபேன்னா பிள்ளைகளுக்கு ஒத்துக்காது” என்றார்.

பண்டிகை அன்று விடிவதற்கு முன்னாலேயே ஆலயத்துக்குப் பின்னால் புகை கிளம்பிவிட்டது. மத்தியானம் முதல் பந்தி உட்கார்ந்தது. பெந்தெகொஸ்தே ஹாலுக்குப் போன வாலிபர்களும் வந்திருந்தார்கள். டிரம் செட்டில் கறி வேகாது. ஞானசிகாமணி நடு வரிசையில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். இசக்கிப்பாண்டி குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினபோது ராஜபாய் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீங்க நில்லுங்க.”

வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தாள். அண்ணன் இலைக்கு வந்ததும் குழம்பை மட்டும் மொண்டு ஊற்றினாள். ஒரு துண்டு கறி விழவில்லை. ஞானசிகாமணி இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விரலை நீட்டி ரெண்டு என்று காட்டினார்.

“வாயால கேளு அண்ணே.”

அக்கம் பக்கத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது.

“ரெண்டு துண்டு போடு ராசு” என்றார் மெதுவாக.

“கறி வீட்ல எடுத்து வச்சிருக்கு. அங்க வந்தா உண்டு.” சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

ஞானசிகாமணி வெறும் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். பாவம், கறி இல்லாவிட்டாலும் அந்தக் குழம்பு அப்படி. இன்னொரு வாய் வைத்தார். பிறகு தலையைத் தூக்கி, அண்டாவுக்குப் பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற ஆளை, சுவர் எதுவும் இல்லாமல் நேராகப் பார்த்தார்.

“மாப்ள, வீடு இப்ப எங்க?”

இசக்கிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீரமங்கரை ஸ்டாப்ல இறங்கும், மச்சான். சந்துல மூணாவது வீடு. சாயங்காலம் சீக்கிரமா வாரும். ஐயரும் வாறாரு, அந்த ஆளு முந்திக்கிட்டா உமக்கு எலும்புதான் மிஞ்சும்.”